வாளைக்குக் கட்டிய முடிச்சு

மகளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து வேலுமணி தன் மருமகனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கணியூரில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் மனிதர் அவர். மகள் தமிழ்மதி திருப்பூர் அருள்புரத்துப் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போன இடத்தில், திருநெல்வேலிப் பக்கத்து இசக்கிமுத்துவைக் கட்டிக்கொண்டதை அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பொங்கலுக்கு இருவரும் வந்தால் உபசரிப்பில் குறை இருக்காது. ஆனால் மகளைப் பார்த்து, "காப்பி ஆறுதுன்னு சொல்லு கண்ணு" என்பார். காப்பி குடிக்க வேண்டியவன் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பான். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

2007 மாசியில் அவரே மகளுக்குப் போன் செய்தார். "ஞாயித்துக்கெழம ஆத்துக்கு வாளை மீனு புடிக்கப் போறேன். வர்றதுன்னா வரச் சொல்லு." யாரை என்று சொல்லவில்லை.  அப்பா ஆற்றுக்கு யாரையும் கூட்டிப்போகிறவர் இல்லை. அந்த ஒரு நாள் நல்லபடியாகக் கழிந்தால் அவள் புருஷன் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை. சொதப்பினால் ஆயுசுக்கும் அவள்தான் நடுவில் நின்று தூது சொல்ல வேண்டும்.

இசக்கிமுத்து தாமிரபரணிக் கரையில் தூண்டிலும் கையுமாக வளர்ந்தவன். திருப்பூர் வந்தபின் அதைத் தொடவில்லை. சாயப்பட்டறைத் தண்ணீர் ஓடும் நொய்யலில் போட்டால் நூலுக்குச் சாயம் ஏறும், மீன் ஏறாது.

சனிக்கிழமை கணியூருக்குப் போகிற வழியில் உடுமலைப்பேட்டையில் இறங்கித் தூண்டில் கடைக்குப் போனார்கள். பனியன் நூலில் நம்பர் ஏற ஏற நூல் மெலியும். தூண்டில் நூலில் நம்பர் ஏறினால் தடிக்கும். நிட்டிங் மிஷின் ஓட்டிப் பழகிய இசக்கிமுத்து நாற்பதைத் தடவி, ஐம்பதைத் தடவி, சற்று நேரம் திருதிருவென்று விழித்தான்.

"ஏனுங்க, இருக்கறதுலயே தடியா வாங்கீருங்க" என்றாள் தமிழ்மதி.

"தண்ணி தெளிஞ்சு கெடக்கு பிள்ள. தடி நூலப் பாத்தா வாளை கிட்ட வராது. ரொம்ப மெலிஞ்சா தாங்காது."

புதிதாக வந்திருந்த பின்னல் நூலைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். மெல்லியது, பலமும் அதிகம். இசக்கிமுத்து இழுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அது நீண்டு கொடுக்காது, பாறையில் உரசினால் பஞ்சாகிவிடும் என்றான். நைலான் கொஞ்சம் நீண்டு கொடுத்து மீனின் முதல் இழுப்பைத் தாங்கும். ஐம்பது நம்பர் நைலானே போதும் என்று முடிவானது.

ஆனால் வாளையின் வாய் நிறைய அரம் போல் பொடிப்பற்கள். எந்த நைலானையும் அராவிவிடும். அதனால் முள்ளுக்கும் நூலுக்கும் நடுவே ஒரு சாண் கம்பி வேண்டும். கடையில் இருந்த கம்பி விறைப்பாக இருந்தது. இரையைத் துள்ள விடாது. இசக்கிமுத்து பக்கத்துச் சைக்கிள் கடையில் பிரேக் ஒயர் வாங்கி, இரண்டு இழையை மட்டும் பிரித்து முறுக்கிக்கொண்டான்.

சாயங்காலம் கணியூர் வாசலில் உட்கார்ந்து, கம்பியின் தலையில் ஒரு பித்தளை வளையம் மாட்டி, அதில் நூலைக் கட்டினான். எச்சில் தொட்டு முடிச்சை இறுக்கி, நூல் நுனியை ஒரு நக நீளம் வாலாக விட்டான். நைலான் வழுக்கும். இழுபடும்போது முடிச்சு கொஞ்சம் உள்வாங்கும், அதற்குத்தான் அந்த வால். எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துவிட்டுக் குளிக்கப் போனான்.

தமிழ்மதிக்குக் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை. தையல் முடிகிற இடத்திலெல்லாம் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை ஒட்ட வெட்ட வேண்டும். ஒன்று விட்டாலும் சூப்பர்வைசர் பீஸை முகத்தில் வீசுவார். பஸ்ஸில் முன்னால் நிற்பவர் சட்டையில் நூல் தொங்கினால்கூட அவள் கை துறுதுறுக்கும். புருஷனின் கைவேலையை ஆசையாக எடுத்துப் பார்த்தவள் அந்த வாலைக் கண்டாள். பையிலிருந்து நூல் வெட்டும் ட்ரிம்மரை எடுத்து நறுக்கென்று ஒட்ட வெட்டினாள். முடிச்சு மிளகு போல உருண்டையாக, அழகாக இருந்தது. அப்பா பார்த்தால் மெச்சுவார் என்று நினைத்தாள்.

ஞாயிறு காலை அமராவதிக் கரையில், மடு பார்த்து மூவரும் உட்கார்ந்தார்கள். தமிழ்மதி வழக்கம்போல் நடுவில். "இன்னுங் கொஞ்சம் ஆழத்துல உடச் சொல்லு கண்ணு." இசக்கிமுத்து ஆழத்தில் விட்டான்.

வெயில் ஏறும் நேரத்தில் அவன் நூல் சரசரவென்று ஓடியது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு பிடித்தான். விட்டு இழுத்து, விட்டு இழுத்து அவன் பக்குவமாக விளையாடுவதை வேலுமணி எழுந்து நின்று பார்த்தார். கை நீளத்துக்கு வெள்ளி வயிறு ஒருமுறை புரண்டது. அடுத்த கணம் நூல் தொய்ந்துவிட்டது.

மீனும் இல்லை, கம்பியும் இல்லை. வேலுமணி நூலின் நுனியை வாங்கிப் பார்த்தார். அது பன்றி வால்போல் சுருண்டிருந்தது.

"அறுவல. முடிச்சு உருவியிருக்குது. இப்புடி ஒட்ட வெட்டுனா நிக்குமா?" என்றார் ஆற்றைப் பார்த்து.

 இசக்கிமுத்து நுனியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நாந்தான் மாமா வெட்டுனேன். கம்பெனிப் பழக்கம்."

 வேலுமணி தன் தூண்டிலைச் சுருட்டத் தொடங்கினார். அவ்வளவுதான், கிளம்புகிறார் என்று மகளுக்குத் தெரிந்தது.

"அப்பா, அவரு வால் உட்டுத்தானுங்க கட்டியிருந்தாரு. நாந்தானுங்க பிசிறுன்னு வெட்டிப்போட்டேன்."

சுருட்டிய கை நின்றது. மகளைப் பார்த்தார். பிறகு, முதல் தடவையாக, இசக்கிமுத்துவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"தெரிஞ்சேதான் உங்க மேல போட்டுக்கிட்டீங்களா?"

"மீனு போனது போனதுதான மாமா. அவளப் போயி எதுக்கு வையணும்?"

 வேலுமணி தன் டப்பாவிலிருந்து முள்ளும் கம்பியும் எடுத்து நீட்டினார்.

"கட்டுங்க மாப்ள. இன்னும் பொழுது கெடக்குது." மகள் பக்கம் திரும்பினார். "கண்ணு, நீ எந்திரிச்சு அக்கட்டால உக்காரு. எங்களுக்கு நடுவுல உனக்கென்ன வேல?"

தமிழ்மதிக்கு அழுகை வந்துவிட்டது. சோற்றுப் போசியைத் தூக்கிக்கொண்டு நாலடி தள்ளிப் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பது நன்றாகத் தெரிந்தது.