சமையலறைக்கு முன்னால் ஒரு பாலம்

"செருப்பைக் கழட்டாதே. இப்பத்தான் விமானம் இறங்கியிருக்கு" என்றார்.

வாசற்கதவைத் திறந்த கையோடு அவள் அப்படியே நின்றுவிட்டாள். பகலெல்லாம் லாண்டரியில் நீராவி இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவளுக்கு ஒரு வாய்த் தண்ணீரும் கால் நீட்ட ஒரு நாற்காலியும் போதும் என்றிருந்தது. அவள் கணவரோ, அவ்வளவு பெரிய பேருந்தைச் சந்துக்குள் திருப்புகிற மனுஷர், தரையில் மண்டியிட்டு நீல டேப்பைப் பல்லால் கிழித்து ஒட்டிக்கொண்டிருந்தார். டேப் வாசலில் ஆரம்பித்து, கூடத்தைத் தாண்டி, சமையலறைக்குப் போகும் ஒடுங்கிய நடை வரைக்கும் போயிருந்தது. செருப்பு அலமாரியின் மேல் 'டிராம்' என்று ஒரு அட்டை. நடையின் ஒரு பக்கச் சுவரில் 'ஆறு'. சமையலறை நிலைப்படியில் 'பாலம்'. அவள் சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணும் கொஞ்சம் கலங்கியது. வெளிநாட்டுக்கு வரவே மாட்டேன் என்று முரண்டு பிடித்தவர் சம்மதித்துவிட்டார் என்பதுதான் அந்த டேப்புக்கு அர்த்தம்.

பேருந்து ஓட்டுநர்களில் அவர் ஒரு தனி ரகம். புது வழித்தடம் கொடுத்தால் மற்றவர்கள் முதல் நாள் தட்டுத்தடுமாறி ஓட்டி மறுநாள் பழகிக்கொள்வார்கள். இவருக்கு அதெல்லாம் ஆகாது. தெரியாத ரோட்டில் சக்கரத்தை வைக்கமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்பார். அந்த வழியை முதலில் நடந்து பார்த்துவிட்டு வருவார். பிறகு கூடத்தில் நாற்காலியைப் போட்டு, சாப்பாட்டுத் தட்டை ஸ்டீயரிங்காகப் பிடித்துக்கொண்டு உட்கார்வார். பின்னால் முக்காலியில் அவள் உட்கார்ந்து நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லவேண்டும். கல்யாணமான புதிதில், எந்தப் பைத்தியத்துக்கு நம்மைக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று பயந்துதான் போனாள். போகப்போக அந்த முக்காலிப் பயணம் அவளுக்கே பிடித்துப்போனது. அவர் ஓட்டும் நிஜ வண்டியில் அவள் ஏறியது அபூர்வம். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் அவள் முன்னால் போவாள், அவர் ஷிஃப்ட் முடிந்து பின்னால் வந்து சேர்வார். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல ஒரு தெருவை நடந்து கடந்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள்தான், ஐரோப்பாவில் ஒரு நகரத்துக்கு மூன்று நாள் போய்வர இருவருக்கும் டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தாள். ஆறு, அதன் குறுக்கே ஒரு கல்பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் மணிக்கூண்டு வைத்த சதுக்கம். மணிக்கூண்டு எப்படிப் போனாலும் அவளுக்குக் கவலையில்லை. மூன்று நாள் இந்த மனுஷர் தன் பக்கத்திலேயே நடந்து வருவார், மணியைப் பார்த்துவிட்டுப் பாதியில் எழுந்து ஓடமாட்டார். அதை நினைத்தாலே அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. தெரியாத ஊரில் கால் வைக்கமாட்டேன் என்றவர், ஒத்திகை பார்த்துக்கொண்டு போகலாம் என்று இறங்கி வந்ததே பெரிய விஷயம்.

ஆகவே சாயங்காலந்தோறும் அவர்கள் அந்த நகரத்துக்குப் போய்வந்தார்கள். மகள் கொடுத்த கம்ப்யூட்டரில் தெருத்தெருவாகப் படம் பார்த்து அவர் வழியை மனப்பாடம் செய்துவைத்திருந்தார். அது குளிரூர். ஆள் வந்து வாங்காமல் லாண்டரியில் தொங்கிக்கொண்டிருந்த தடித்த கோட்டுகளில் இரண்டை அவள் முதலாளியிடம் கேட்டு எடுத்துவந்தாள். அதைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் வேர்த்து விறுவிறுத்து நடையில் நடந்தார்கள். படுக்கையறைதான் தங்கும் விடுதி. பால்கனி, சதுக்கம். சமையலறை ஜன்னலோரம் கிடந்த சின்ன மேசை ஒரு காபிக் கடை. ஒரு நாள் குக்கர் விசில் அடிக்க, அவள் நடையின் குறுக்கே பாய்ந்தாள்.

"எங்க போறே? அது ஆறு."

"சாதம் அடிபிடிச்சிடுங்க."

"பிடிக்கட்டும். பாலத்து வழியாச் சுத்தி வா."

அவள் முகத்தை நொடித்துக்கொண்டே பாலத்து வழியாகச் சுற்றி வந்தாள். அன்றைக்குச் சாதம் அடிபிடித்துத்தான் போயிற்று. சாப்பிடும்போது இரண்டு பேரும் சிரித்தார்கள். இத்தனை வருஷத்தில் அவர்கள் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டு சாப்பிட்டதில்லை.

நடையின் நடுவில் ஓரிடத்தில் அவர் காலை உயர்த்தி வைப்பதை அவள் பிறகுதான் கவனித்தாள். தரை வழுவழுவென்று சமமாகத்தான் இருந்தது. என்ன என்று கேட்டாள்.

"அங்க ஒரு கல்லு தூக்கிட்டு நிக்குது. நேத்து நல்லா இடிச்சுக்கிட்டேன்."

"நேத்தா? நேத்து எனக்கு வேலை முடியவே நேரமாயிடுச்சே. நாம நடக்கலையே."

"நீ வரலை. நான் சும்மா ஒரு நடை போயிட்டு வந்தேன். ரோடு கைக்கு வரணும்ல" என்று காலைக் காட்டினார். கட்டைவிரல் நகம் கருத்திருந்தது. கட்டில் கால், கதவு நிலை, வீட்டில் இடித்துக்கொள்ள இடமா இல்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆனால் அவருடைய கோட்டை என்ன சொல்வது? மாட்டி வைக்கப் போனபோது அதன் தோள்பட்டை இரண்டும் ஈரமாக இருந்தன. துணி விஷயத்தில் அவள் காதில் யாரும் பூச்சுற்ற முடியாது. ஒரு சட்டையை மோந்து பார்த்தே அது போன இடம் கல்யாணமா ஆஸ்பத்திரியா என்று சொல்லிவிடுவாள். அந்தக் கோட்டில் கரிப்புகை வாசனை இருந்தது, கூடவே ஆற்றுத் தண்ணீரின் பாசி வாசனையும் இருந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த மாதம் அது.

"ஏங்க, இது எப்படி நனைஞ்சுது?"

"அங்க தூறல்" என்றார், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல். பிறகு ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டவர்போல நிமிர்ந்து அசடு வழிந்தார். அவளும் சிரித்து வைத்தாள். கோட்டை இஸ்திரி போட்டு உலர்த்தினாள். ஆவி எழும்பியபோது கூடம் முழுக்க அந்தப் பாசி வாசனை நிறைந்தது.

அவருக்குக் காலை ஷிஃப்ட். மதியமே வீடு திரும்பிவிடுவார். அவள் வர சாயங்காலமாகும். நடுவில் இருக்கும் அந்த நேரமெல்லாம் அவர் அங்கேதான் இருந்தார் என்பது அவளுக்கு மெல்ல மெல்லத்தான் உறைத்தது. அவர் பேச்சில் காபிக் கடைக்காரி ஒருத்தி அடிக்கடி வந்தாள். கேட்காமலே ஜன்னலோர மேசையைக் கொடுக்கிறாளாம், சர்க்கரையைத் தனியாக வைக்கிறாளாம். "ரொம்பத்தான் கவனிக்கிறா போல" என்று இவள் சீண்டினாள். அவர் சீண்டலாக எடுத்துக்கொள்ளாமல் "நல்ல மாதிரி" என்று தலையாட்டினார். சமையலறை ஜன்னலைப் பார்த்து வேறு பெண்மேல் பொறாமைப்பட்ட முதல் ஆள் நான்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பில் சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அவருடைய பேருந்தின் நடத்துனர் லாண்டரிக்கே தேடிக்கொண்டு வந்தார். தோளில் காசுப்பை தொங்க, கல்லாவுக்கு முன்னால் நின்று தயங்கினார்.

"அண்ணி, அண்ணனுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

"ஏன், என்ன ஆச்சு?"

"காலையில நடு ரோட்டுல வண்டியை நிறுத்திட்டாரு. நிறுத்தமும் இல்ல, சிக்னலும் இல்ல. ஜனங்க கத்துது. என்னண்ணே, எடுங்கன்னா, டிராம் போகட்டும்ங்கறாரு. நம்ம ஊர்ல ஏது அண்ணி டிராம்?"

நடத்துனர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அவர் சொன்ன நேரத்துல, முன்னாடி ஏதோ மணிச்சத்தம் கடந்து போன மாதிரி எனக்கும் கேட்டுச்சு."

அன்று சாயங்காலம் வந்ததும் வராததுமாக அவள் தரையிலிருந்த டேப்பையெல்லாம் உரித்தெடுத்தாள். அட்டைகளைக் கிழித்துப் போட்டாள். அவர் தடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "போதும்ங்க. பாக்கியை அங்க போய் நேர்ல பாத்துக்கலாம்" என்றாள். சரி என்றார். டேப் இருந்த இடத்தில் தூசி ஒட்டாத கோடு ஒன்று வாசலிலிருந்து பாலம் வரைக்கும் தெரிந்தது. எவ்வளவு துடைத்தும் அது போகவில்லை.

பயணத்துக்கு முந்தின நாள் மகள் போன் பண்ணினாள். பெட்டி கட்டியாச்சா, மாத்திரை எடுத்து வெச்சியா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "அம்மா, அந்த விடுதிக்காரம்மா எங்கிட்டப் பேசினாங்க" என்றாள்.

"என்னவாம்?"

"ஒரு கட்டில் போதுமா, ரெண்டு வேணுமான்னு கேக்கறாங்க. அப்பா ஒரு ஆள்தான்னு சொன்னாராம். ஜன்னலைத் திறந்தா ஆறு தெரியற ரூமாப் பாத்துக் கேட்டாராம். அப்பா எப்பம்மா அவங்களுக்குப் போன் போட்டாரு? அவங்க பேசற பாஷை இவருக்கு எப்படிப் புரிஞ்சுது?" மகள் சிரித்தாள். "ரொம்ப மரியாதையான மனுஷர்னு வேற சொல்றாங்க."

அவருக்குப் பணிமனை எண்ணைத் தவிர வேறு எந்த எண்ணுக்கும் போன் போடத் தெரியாது. குரலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேருன்னு சொல்லு. ரெண்டு பேருதான் வர்றோம்னு அழுத்திச் சொல்லு" என்றாள்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள்.

"விடுதியில ஒரு ஆளுன்னு சொன்னீங்களா?"

அவர் கை தட்டில் அப்படியே நின்றது. மறைப்பதற்கு ஏதும் இல்லாத முகத்தோடு அவளைப் பார்த்தார்.

"கேட்டாங்க. நான் ஒத்தையிலதானே நின்னேன். வேற என்னன்னு சொல்றது?"

"நான் வேலைக்குப் போயிருந்தேங்க."

"அதான். நீ வேலைக்குப் போயிட்டே."

"நாளைக்கு விமானம். நாம ரெண்டு பேரும் ஒண்ணாப் போறோம்."

"மறுபடியுமா?" என்றார். கோபமாக இல்லை. களைத்துப்போனவர் கேட்பதுபோலத்தான் கேட்டார். "எல்லாந்தான் பாத்தாச்சே."

முகத்தில் அடித்தாற்போல இருந்தது அவளுக்கு. இந்த வீட்டில் இத்தனை வருஷம் வாய்விட்டுச் சொல்லாததை அன்றைக்குச் சொன்னாள். "எனக்கு அந்த ஊரு வேண்டாம். ஆறு வேண்டாம், மணிக்கூண்டு வேண்டாம். நீங்க என் பக்கத்துல நடந்து வரணும். அதுக்குத்தான் நான் ஆசைப்பட்டேன்." சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. அவர் எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார். அந்தக் கை சில்லென்றிருந்தது. நாளைக்குப் போவோம், கண்டிப்பாகப் போவோம் என்றார். சொல்லும்போதே அவர் கண் சமையலறை ஜன்னல் பக்கம் போய்வந்ததை அவள் பார்த்தாள்.

மறுநாள் அவர் லீவு. அவளுக்குப் பாதி நாள் வேலை இருந்தது. முடித்துவிட்டு மதியத்துக்கு முன்பே ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். டாக்ஸி வர இன்னும் நேரம் இருந்தது. வாசலுக்குப் பக்கத்தில் இரண்டு பெட்டிகளும் கட்டிவைத்தபடி நின்றன. அவள் எடுத்துவைத்திருந்த அவருடைய சட்டையும் பேன்ட்டும் கட்டிலில் இல்லை, உடுத்திக்கொண்டுவிட்டார் போல. கோட்டு இல்லை. ஷூ இல்லை. வீட்டுச் சாவி மட்டும் ஆணியில் தொங்கியது. படுக்கையறை, குளியலறை, பால்கனி எல்லாவற்றிலும் பார்த்தாள். கூப்பிட்டாள். மாடிப்படியில் எட்டிப் பார்த்தாள். கீழ்வீட்டுக்காரர், காலையிலிருந்து யாரும் இறங்கி வரவில்லை என்றார்.

அவள் சிறிது நேரம் கூடத்தில் நின்றாள். அழவேண்டும் போலிருந்தது, அழுவதற்கு நேரமில்லை என்றும் தோன்றியது. பிறகு தன் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பொத்தான்களைக் கழுத்து வரைக்கும் பூட்டினாள். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு வாசற்படிக்குப் போய், உள்பக்கம் திரும்பி நின்றாள். இதுவரை அவள் தனியாக அங்கே போனதில்லை. முக்காலியில் உட்கார்ந்து சொல்வாளே, அதுபோல ஒவ்வொரு நிறுத்தமாகச் சத்தமாய்ச் சொல்லிக்கொண்டே தரையில் தெரிந்த கோட்டின்மேல் நடந்தாள். விமான நிலையம். டிராம். ஆறு. நடையில் திரும்பியதும் வலது பக்கம் குளிர்ந்தது. சுவரைத் தொடக் கை நீட்டினாள், கைக்குச் சுவர் அகப்படவில்லை. பயந்து கையை இழுத்துக்கொண்டு நடையைக் கூட்டினாள்.

நடை நீண்டுகொண்டே போயிற்று. பாலம் என்று சொன்னபோது காலுக்கடியில் கல் தட்டுப்பட்டது. கீழே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. குனிந்து பார்க்க அவளுக்குத் துணிவில்லை. அந்தப் பக்கம் இறங்கியதும், தூறலில், மஞ்சள் விளக்கு எரியும் ஒரு ஜன்னல் தெரிந்தது. கண்ணாடிக்கு உள்ளே அவர் உட்கார்ந்திருந்தார். முகம் சவரம் செய்து, தலையைப் படிய வாரி, ஒரு வேலையும் இல்லாத மனுஷர்போல நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவரை அப்படி அவள் பார்த்ததே இல்லை.

அவருக்கு எதிர் நாற்காலி காலியாக இருந்தது. நாலாக மடித்து அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த கைக்குட்டையை அவர் அதன்மேல் விரித்துப் போட்டிருந்தார், கூட்டமான பேருந்தில் ஜன்னல் வழியாக இடம் பிடிப்பார்களே, அப்படி. கடைக்காரி காபியோடு வந்து அந்த நாற்காலியைக் காட்டி ஏதோ கேட்டாள். அவர் அவசரமாகக் கைக்குட்டையின்மேல் கையை வைத்து, ஆள் வருகிறது என்று தலையாட்டினார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அவர் பார்வை பாலத்தில் தொடங்கித் தெருவெல்லாம் தேடிக்கொண்டு வந்தது, கண்ணாடிக்கு ஒரு முழ தூரத்தில் நின்ற அவள்மேல் பட்டது, நிற்காமல் அவளைத் தாண்டிப் போயிற்று.

பின்னால், வெகு தூரத்தில், டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் திரும்பவில்லை. கடைக் கதவில் தள்ளுவதா இழுப்பதா என்று ஏதோ எழுதியிருந்தது, அந்த எழுத்து அவளுக்குத் தெரியாது. ஈரமான பித்தளைக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.