நடுத்தண்ணீர்

காரைக்காலில் அரசலாறு கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால், ஆற்றங்கரையை ஒட்டி ஓர் ஐஸ் கம்பெனி இருந்தது. வெளியே ஆவணி வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருக்கும். இரும்புக் கதவைத் தள்ளி உள்ளே காலை வைத்தால் மார்கழி. உப்புநீர் நிறைந்த பெருந்தொட்டியில் தகரக் கேன்கள் கழுத்துவரை மூழ்கி வரிசையாக நிற்கும். அவற்றை மூடிய மரப்பலகைகளில் ஒன்றைத் தூக்கினால் வெண்புகை எழுந்து தரையோடு தவழும். அங்கே வேலை செய்கிறவர்கள் முழங்காலுக்குக் கீழே மேகத்தில் நடந்தார்கள்.

அந்தக் கம்பெனி சலோமியின் தாய்மாமன் இஞ்ஞாசியாருடையது. அவர் புதுச்சேரியில் குடியிருந்தார். எண்பதாம் ஆண்டிலிருந்து நிர்வாகம் சலோமியின் கையில் இருந்தது. காலையில் கணக்கு மேசைக்குப் போவதற்கு முன் அவள் ஒருமுறை தொட்டியைச் சுற்றி வருவாள். பலகைகளுக்குக் கீழே ஏதோ ஒரு கூட்டமே போர்த்திக்கொண்டு உறங்குவதாகவும், சத்தமாகப் பேசினால் விழித்துக்கொள்ளும் என்றும் அவளுக்குத் தோன்றும். அதனாலோ என்னவோ, அவள் அந்தக் கூடத்தில் யாரையும் உரக்க அழைத்ததில்லை.

தண்ணீர் உறையும் விதம் விந்தையானது. கேனின் ஓரத்தில்தான் முதலில் இறுகும். பிறகு மெல்ல மெல்ல உள்நோக்கி நகரும். நகரும்போது தன்னிடமுள்ள கசடையெல்லாம் நடுவை நோக்கித் தள்ளிக்கொண்டே போகும். கடைசியில் நான்கு பக்கமும் பளிங்காகிவிட, நடுவில் மட்டும் ஒரு குழியளவு கலங்கல் நீர் உறையாமல் விழித்திருக்கும். அதை ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றினால்தான் ஐஸ் பார் முழுக்கக் கெட்டிப்படும். நடுத்தண்ணி எடுப்பது என்று இந்த வேலைக்குப் பெயர். அவசரக்காரனுக்கு ஆகாத வேலை. அதை ஐயனாரிடம் கொடுத்திருந்தார்கள்.

ஐயனார் கிளிஞ்சல்மேட்டுக்காரன். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன். போன ஐப்பசியில் ஓர் அலை படகின் விளிம்பிலிருந்து அவன் தம்பி உத்திராபதியை வாரிக்கொண்டு போயிற்று. உடல் கரைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு ஐயனார் கணுக்கால் நனையும் அளவுக்குக்கூடக் கடலில் இறங்கவில்லை. கரையில் அவனுக்குக் கிடைத்த ஒரே வேலை இதுதான். அவன் மனைவி சாரதாம்பாள் தலையில் மீன்கூடையோடு நெரவி வரை நடந்து விற்றுவந்தாள்.

தொடக்கத்தில் ஒழுங்காகத்தான் செய்தான். வரவர, பலகை தூக்கும் கொக்கி அவன் கையிலிருந்து நழுவியது. மூடாத பலகைகள் அப்படியே கிடந்தன. சலோமி அவனைக் கூப்பிட்டு, சம்பளம் பிடிக்க மாட்டேன், ஒரு வாரம் வீட்டிலிருந்து ஓய்வெடுங்கள் என்று அனுப்பினாள். நல்லது செய்துவிட்ட நிறைவோடு அன்று அவள் மாதா கோயிலுக்குப் போய் வந்தாள். ஒரு வாரம் கழித்துத் திரும்பியவன் முன்னைவிட ஒடுங்கிப்போயிருந்தான்.

இடி அதற்கடுத்த வாரம் விழுந்தது. கருப்பையன் என்பவர் கிளிஞ்சல்மேட்டில் விசைப்படகு வைத்திருந்தவர். அவர் சொன்னால் மற்றப் படகுக்காரர்களும் கேட்பார்கள். அவர் படகில் ஏற்றிய ஐஸ் இரண்டாம் நாளே கரைந்து, பிடித்த இறால் பாதிக்குமேல் கெட்டுப்போயிருந்தது. மீதியிருந்த ஒரு பாரைச் சாக்கில் சுற்றிக்கொண்டுவந்து சலோமியின் மேசைமேலேயே வைத்தார்.

"பாக்கத்தான் பாறை, மேனேஜரம்மா. ஒடச்சா உள்ள அழுவுது."

கையிலிருந்த சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். மேலே ஏடுபோல் உறைந்திருந்தது உடைந்து, நடுவிலிருந்து கூழாக நீர் வழிந்தது. சலோமி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. நல்ல தண்ணீர் வாளிக்குப் பக்கத்திலேயே தொட்டிக்கு ஊற்றும் உப்புநீர் வாளியும் இருக்கும். ஐயனாரின் கை வாளி மாறிப் போயிருக்கிறது, அதுவும் ஒரு பாரில் இரண்டு பாரில் அல்ல.

அன்று மாலையே புதுச்சேரியிலிருந்து மாமா தொலைபேசியில் வந்தார். கிளிஞ்சல்மேட்டுப் படகுகள் மொத்தமும் நாகப்பட்டினத்தில் ஐஸ் எடுக்கப் போகின்றனவாமே, நீ நடத்துவது கம்பெனியா அநாதை மடமா என்று கேட்டார். சனிக்கிழமைக்குள் அந்த ஆளை நிறுத்தியாக வேண்டும் என்றார். சலோமி, சனிக்கிழமை வரை பொறுங்கள் மாமா என்று மட்டும் சொன்னாள். இங்கிருந்து அனுப்பிவிட்டால் ஐயனாருக்குக் கடலைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. கடலுக்கோ அவனால் போக முடியாது.

மறுநாள் சாரதாம்பாள் கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தாள். கெஞ்ச வந்திருக்கிறாள் என்று சலோமி நினைத்தாள். அவள் கெஞ்சவில்லை.

"நீங்க நல்லது நெனச்சுத்தான் வீட்டுக்கு அனுப்புனீங்க. எங்க வீட்டு வாசல்ல என்னம்மா இருக்கு? கடலுதான் இருக்கு. ஒரு வாரமும் அதையே பாத்துக்கிட்டுக் குந்தியிருந்தாரு."

சலோமிக்கு முகம் சுட்டது. தான் கொடுத்தது ஓய்வு அல்ல. கண்ணுக்கு மறைவாக அவனைத் தள்ளி வைத்ததுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்த நாள் விடிந்தும் விடியாமலும், கோயில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே அவள் தொட்டிக்கு வந்துவிட்டாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஐயனாருக்கு எதிரே ஒரு பலகைமேல் உட்கார்ந்தாள். பார்கள் உருகாமலிருக்க உமி பரப்பும் லோகாம்பாள் வாய் சும்மா இருக்காதவள். ஆபீசில் காத்தாடி கெட்டுப்போச்சா, மேனேஜரம்மா இங்கே காத்து வாங்க வந்திருக்காங்களே என்று உமிச்சாக்கிடம் சொல்வதுபோல் சொன்னாள். சலோமி சிரித்துக்கொண்டாள். ஐயனார் சிரிக்கவில்லை. தன்னை வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்றே அவன் எண்ணியிருக்க வேண்டும்.

அவன் பலகையைத் தூக்கினான். புகை எழுந்து இருவருக்கும் நடுவே நின்றது. குழாயை விட்டுக் கலங்கல் நீரை உறிஞ்சி வெளியே விட்டான். அதுவரை எல்லாம் சரி. ஊற்றும் நேரம் வந்தபோது அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான். குவளையோடு கை மட்டும் பக்கவாட்டில் துழாவி, உப்புநீர் வாளியின் மேல் போய் நின்றது.

சலோமி கத்தவில்லை. வாளியின் வாயைத் தன் உள்ளங்கையால் மூடினாள். குவளை அவள் புறங்கையில் முட்டியது. ஐயனார் கண்ணைத் திறந்தான்.

பிறகு அவன் மிகத் தாழ்ந்த குரலில் சொன்னான்: "அந்தக் குழிக்குள்ள தம்பி நிக்கிறான்மா. இருட்டுத் தண்ணியில. அதான் பாக்கறதில்ல."

அங்கே யாரும் இல்லை, அது உங்கள் மனப்பிரமை என்று சொல்ல அவள் வாய்வரை வந்தது. அந்தப் புகையில், அந்தக் குளிரில், அப்படிச் சொல்ல அவளுக்கே உறுதி போதவில்லை. அவள் எழுந்து அவன் பக்கமாக வந்து, குனிந்து, குழிக்குள் பார்த்தாள்.

"எப்புடி நிக்கிறாரு?" என்று கேட்டாள்.

இப்படி ஒருவர் கேட்பார் என்று ஐயனார் எதிர்பார்க்கவில்லை. குவளையைக் கீழே வைத்தான். சிரிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறான் என்றான். அதற்குப் பிறகு அவன் பேச்சு நிற்கவில்லை. உத்திராபதிக்கு ஐஸ் என்றால் உயிர். மீனுக்கு என்று படகில் ஏற்றும் ஐஸில் ஒரு துண்டை உடைத்து வாயில் அடக்கிக்கொள்வான்; அண்ணன் திட்டினால் கன்னம் உப்பலாகச் சிரிப்பான். நாளைக்கு வரப்போகிற பொண்டாட்டி, நீ இப்படி ஐஸ் தின்பதைப் பார்த்தால் விட்டுவிட்டு ஓடிவிடுவாள் என்று சாரதாம்பாள் கேலி செய்வாளாம். சொல்லிக்கொண்டே ஐயனார் அடுத்த கேனின் நடுத்தண்ணியை உறிஞ்சினான். ஊற்றும் முறை வந்ததும் சலோமி நல்ல தண்ணீர்க் குவளையை எடுத்துத் தானே ஊற்றினாள். கேன் கேனாக இருவரும் மேகத்தில் நகர்ந்தார்கள். லோகாம்பாளும் உமியைப் பரப்புவதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றாள்; நடுவில், உப்புநீர் வாளியைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டுபோய்க் கதவுக்கு வெளியே வைத்தாள்.

தொடர்ந்து வந்த காலைகளிலும் சலோமி அதே பலகையில் உட்கார்ந்தாள். ஒரு நாள் குவளையை எடுக்க அவள் கை நீட்டியபோது ஐயனார் முந்திக்கொண்டான். கண்ணைத் திறந்தபடியே, தம்பி சிறுவயதில் பட்டம் விட்ட கதையைச் சொல்லியபடியே ஊற்றினான். ஒரு சொட்டும் வெளியே சிந்தவில்லை. அவள் பாராட்டவில்லை, பட்டம் என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

அன்று மதியமே அவள் கருப்பையனுக்கு ஆள் அனுப்பினாள். சனிக்கிழமை லோடில் எந்தப் பாரை வேண்டுமானாலும் அவரே தேர்ந்தெடுத்து உடைத்துப் பார்க்கலாம். உள்ளே ஈரம் இருந்தால் அவர் எங்கே வேண்டுமானாலும் ஐஸ் எடுத்துக்கொள்ளட்டும், ஐயனாரையும் தான் நிறுத்திவிடுவதாகச் சொல்லியனுப்பினாள். இந்தச் செய்தி ஐயனாருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்று அவனிடமும் சொன்னாள். அவன் தலையை அசைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினான்.

சனிக்கிழமை வெயில் ஏறுமுன் கருப்பையன் படகைக் கம்பெனிப் படித்துறையில் கட்டிவிட்டு வந்தார். உமிக்குள் புதைந்திருந்த பார்களை வெகுநேரம் பார்த்து, அடியில் கிடந்த ஒன்றை இழுக்கச் சொன்னார். ஆற்றங்கரையில் வைத்துச் சுத்தியலை ஓங்கினார். சலோமி ஐயனாரைப் பார்த்தாள். அவன் பாரைப் பார்த்துக்கொண்டிருந்தான், இமைக்காமல்.

பார் இரண்டாகப் பிளந்தது. நடுவும் ஓரமும் ஒன்றாக, உள்ளே வெயில் நுழைந்து மறுபக்கம் வரும்படி தெளிந்திருந்தது. கருப்பையன் ஒரு சில்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். எதையோ குறைசொல்லத் தேடுபவர்போல் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றார். பிறகு, "ஏத்தச் சொல்லுங்க" என்றார்.

அந்த உப்பிய கன்னத்தைப் பார்த்த ஐயனாரின் உதடு கோணியது. அழுகையா சிரிப்பா என்று அவனுக்கே தெரியாத ஒன்று. அவன் குனிந்து, உடைந்த பாரிலிருந்து உள்ளங்கை அளவு துண்டு ஒன்றை எடுத்தான். படித்துறையில் இறங்கினான். முதற்படி; அடுத்த படி; தண்ணீர் அவன் கணுக்காலைத் தொட்டது. அவன் பின்வாங்கவில்லை. குனிந்து அந்தத் துண்டை ஆற்றில் விட்டான். அது சுற்றிச் சுற்றி, பளபளத்து, சிறுத்துக்கொண்டே முகத்துவாரத்தை நோக்கி மிதந்தது.

ஆபீசில் தொலைபேசி மணி அடித்தது. துண்டு கண்ணுக்கு மறையும்வரை சலோமி நின்றுவிட்டுத்தான் உள்ளே போனாள். மாமா எடுத்த எடுப்பிலேயே, அந்த ஆளை நிறுத்தியாயிற்றா என்று கேட்டார். சன்னல் வழியே அவள் பார்த்தபோது, நனைந்த வேட்டி காலோடு ஒட்ட, ஐயனார் ஒரு பாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு கருப்பையன் படகின் பலகையில் ஒரு காலை வைத்திருந்தான்.

"இல்ல மாமா. லோடு ஏத்திக்கிட்டு இருக்காரு."