பத்துப் பேருக்கு ஒரு தலை

ராணுவ விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சு போட்டிருந்தார்கள். செக்ஷன் தலைவன் உட்காரவில்லை. உட்கார்ந்தால், எழும்போது யாரையாவது அடித்துவிடுவோம் என்று தோன்றியது.

அவனுடைய செக்ஷனில் பத்துப் பேர். இப்போது ஒன்பது. செத்தவன் அவன் தங்கை புருஷன். பெஞ்சின் ஓரத்தில், எல்லோரும் ஒல்லி என்று கூப்பிடும் புதுப் பையன் குறுகி உட்கார்ந்திருந்தான். மெஷின்கன் அவன் பொறுப்பு. "காத்தடிச்சா கன்னைக் கெட்டியாப் பிடிச்சுக்கடா, பறந்துடப் போற" என்று மாப்பிள்ளை அவனை ஓட்டாத நாளில்லை.

செக்ஷனின் வேலையில் சூட்சுமம் பெரிதாக இல்லை. பாதிப் பேர் ஓடும்போது மீதிப் பேர் மெஷின்கன்னால் சுட்டு எதிரியைத் தலைதூக்க விடக் கூடாது. கன் பேசும்வரை ஓடலாம். கன் வாய் மூடினால் மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொள்ள வேண்டும். ஓடு, நில் என்று சொல்ல ஒரே வாய்தான். அது தலைவனுடையது.

அன்று இன்னொரு வாய் நுழைந்தது. மேஜர் பல மைல் பின்னால், கூடாரத்தில் உட்கார்ந்து ட்ரோன் படம் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து ஹெல்மெட்டிலும் அவர் குரல் கேட்டது: "கன்னை இடது மேட்டுக்கு மாத்து. உடனே." ஒல்லி கன்னைத் தூக்கினான்; கன் வாய் மூடியது. மாப்பிள்ளை அப்போது வெட்டவெளியில் பாதி தூரம் ஓடியிருந்தான்.

அந்த ரேடியோப் பேச்சு பதிவாகவில்லையாம். காலையிலேயே சொல்லிவிட்டார்கள்.

காலையில் தங்கையும் போனில் கூப்பிட்டிருந்தாள். "அண்ணா, அந்தப் பய துப்பாக்கிய நிறுத்தினதாலதானாமே? அவனைச் சும்மா விட்டுடாத." யார் சொன்னது என்று கேட்பதற்குள் குழந்தை அழுதது. வைத்துவிட்டாள்.

மேஜர் வராந்தாவில் வந்தார். தோளில் கை போட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"சாப்பிட்டியாப்பா?"

"இல்லீங்க சார்."

"கன்னை ஒல்லி தானாவே நிறுத்தினான்னு சொல்லிடு. புதுப் பையன், பதறிட்டான். பெருசா ஒண்ணும் பண்ண மாட்டாங்க. உன் தங்கச்சிகிட்டயும் பக்குவமாச் சொல்லிட்டேன்."

தோளில் இருந்த கையை அவன் பார்த்தான். கை தானாக விலகியது.

உள்ளே கர்னல் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். மேஜர் முதலில் பேசினார். பயிற்சிப் பள்ளியில் வருடா வருடம் அரைத்த மாவுதான்.

"ஒரு காலத்துல நூத்துக்கணக்கான பேர் தோளோட தோள் ஒட்டி வரிசையா நின்னாங்க சார். அதிகாரி கத்தினா சுடுவாங்க. மெஷின்கன் வந்தது, வரிசை புல்லு மாதிரி சாஞ்சுது. அந்தச் சத்தத்துல எவன் கத்தினாலும் கேக்காது. அதனால சின்னச் சின்னக் குழுவாப் பிரிச்சாங்க. குழுவுக்கு ஒரு கன், ஒரு தலைவன். களத்துல நிக்கிறவனே முடிவெடுக்கட்டும்னு அதிகாரத்தைக் கீழே குடுத்தாங்க. அதிகாரம் எங்கேயோ பொறுப்பும் அங்கேதான்."

கர்னல் தலையாட்டினார். "நீ என்ன சொல்றே?"

"மேஜர் சார் சொன்னது அத்தனையும் சரிங்க சார். அவர்கிட்டத்தான் படிச்சேன். தூரத்துல நின்னு கத்துறவனால ஆளுங்க சாகறாங்கன்னுதான் செக்ஷனே பொறந்துச்சு. அன்னைக்குக் கத்தினது யாருன்னு கேளுங்க."

"மரியாதையாப் பேசு!" மேஜர் எழுந்துவிட்டார்.

"மரியாதையாத்தான் சார் பேசுறேன். கன்னை மாத்துன்னு சொன்னீங்க. பத்துப் பேர் காதுலயும் விழுந்துச்சு. அதுல ஒரு காது மண்ணுக்குள்ள இருக்கு. மிச்சத்தைக் கூப்பிட்டுக் கேக்கலாம். அதிகாரத்தை ரேடியோவுல பிடுங்கிக்குவீங்க, பழியை மட்டும் எங்க தலையில கட்டுவீங்களா?"

கர்னல் கையமர்த்தினார். "உத்தரவு உன் காதுலயும் விழுந்ததுல்ல? கன் நகரக் கூடாதுன்னு நீ ஏன் சொல்லல?"

இந்தக் கேள்வி வரும் என்று அவனுக்குத் தெரியும். செத்தவனைத் தூக்கிய நிமிடத்திலிருந்து அவனை அறுப்பது அதுதான். வேண்டாம் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த மூச்சை அவன் விழுங்கிவிட்டிருந்தான்.

"மேலேருந்து பாக்கிறவருக்கு எனக்குத் தெரியாதது ஏதோ தெரியுதுன்னு நெனச்சேன் சார்."

"அப்போ உன் பேரும் வரும். தோள்ல இருக்கிற பட்டை போயிடும்."

"போகட்டும் சார். என் பேரை அவர் பேருக்குக் கீழே போடுங்க. பையன் பேர் வரக் கூடாது."

ஒல்லியை அனுப்பச் சொன்னார்கள்.

வெளியே வந்து ஒல்லியின் காலரைச் சரிசெய்தான். "கேட்டதைச் சொல்லு. எனக்காக எதையும் மறைக்காத. மறைச்சே, பல்லு இருக்காது."

"சரிண்ணே."

கதவு மூடியதும் தங்கையைப் போனில் கூப்பிட்டான். நடந்ததை நாலு வரியில் சொன்னான்.

"அவர் ஓடிட்டு இருந்தாரு. நீயும் கேட்டுட்டுச் சும்மா இருந்தியா?"

"ஆமா."

"கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பக்கம் வராத."

"பையன் மேல தப்பில்ல. அதை மட்டும் மனசுல வச்சுக்கோ" என்றான். அவள் ஏற்கெனவே போனை வைத்துவிட்டிருந்தாள்.