முன்வாசல் வழியாக

கையைத் தூக்கு என்று பொன்மணி சொல்வதே இல்லை. உள்ளே வந்ததும் மாரிசெல்வி தானாகவே இரண்டு கைகளையும் தோளுக்கு மேல் உயர்த்திக்கொண்டு, எதிர்ச்சுவரில் தொங்கும் பட்டாசுக் கம்பெனிக் காலண்டரைப் பார்த்தபடி நிற்பாள். ஜவுளிக்கடைக் குடோனில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு பெட்ஷீட்டைத் திரையாகக் கட்டிய இடம் அது. அதற்கு செக்கிங் ரூம் என்று பெயர். பொன்மணியின் கைகள் தோளிலிருந்து இறங்கி இடுப்பைச் சுற்றி வரும், கொசுவத்தை அழுத்தும், முதுகைத் தட்டும். பிறகு தூக்குவாளியைத் திறந்து மூடுவாள். "போ தாயி" என்பாள். அவள் யாருடைய முகத்தையும் பார்த்ததில்லை. கணவன் வெடிவிபத்தில் போன பிறகு முதலாளி தனுஷ்கோடி இரக்கப்பட்டுக் கொடுத்த வேலை அது. கடையில் வேலை பார்க்கும் பெண்கள் எல்லாரும் வீட்டுக்குப் போகும்போது அவள் கைக்குள் நின்றுதான் பின்வாசலுக்குப் போக வேண்டும். ஆண்களுக்குத் திரை கிடையாது. வாட்ச்மேன் ஊர்க்காவலன் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்குப் பாப்பம்லே" என்று அனுப்பிவிடுவார்.

சிவகாசி பஜாரில் மூன்று மாடி ஜவுளிக்கடை அது. மாரிசெல்வி அச்சங்குளத்திலிருந்து பஸ் ஏறி வருவாள். அவள் அம்மா வள்ளித்தாய்க்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. மகள் கையில் வெடிமருந்து படக்கூடாது என்பதில் வள்ளித்தாய் பிடிவாதமாக இருந்தாள். அதனால்தான் பிளஸ் டூ முடித்த கையோடு ஜவுளிக்கடைக்கு அனுப்பினாள். ஐந்தாறு வருஷத்தில் மாரிசெல்வி புடவை மாடியில் ஆரம்பித்து ரெடிமேடு மாடிக்கு வந்துவிட்டாள். துணியைத் தொட்டே நூலின் தரம் சொல்வாள். ஆனால் சாயங்காலம் ஆனதும் அந்தத் திரைக்குப் பின்னால் அவளும் கையைத் தூக்கத்தான் வேண்டும்.

அந்த வருஷம், இரண்டாயிரத்து எட்டில், ஆடித் தள்ளுபடி முடிந்ததும் முதலாளியின் மகன் ராம்குமார் புது மிஷின்களை இறக்கினான். திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் இரண்டு வருஷம் இருந்து பழகிவிட்டு வந்தவன். துணியின் உள்தையலில் ஒரு லேபிள். அதற்குள் நகம் அளவு சில்லும், அதைச் சுற்றி முடிபோல ஒரு கம்பியும். ஒவ்வொரு துணிக்கும் ஒரு தனி எண். பில் போட்ட துணி என்றால் முன்வாசலில் நிற்கும் இரண்டு வெள்ளைத் தூண்களும் பேசாமல் இருக்கும். பில் போடாத துணி நடுவில் போனால் அலறும். கையில் பிடிக்கிற ரீடர் ஒன்றும் இருந்தது. அலமாரிக்கு முன்னால் அதை வீசினால் போதும், மடிப்பைப் பிரிக்காமலே உள்ளே இருப்பதெல்லாம் திரையில் வந்துவிடும்.

மாரிசெல்விக்கு அந்த ரீடரைப் பிடித்துப் போயிற்று. ஆலங்குளம் சிமெண்டு ஆலையில் வேலை பார்க்கும் ஒருவர், போன தடவை வாங்கிய அதே நீலத்தில் தம்பிக்கும் ஒரு சட்டை வேண்டும் என்று வந்து நின்றார். முன்பென்றால் ஏணி போட்டு ஏறி, குடோனுக்கு ஓடி, இல்லையென்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவள் ரீடரில் நிறத்தையும் அளவையும் அழுத்திவிட்டு ரீடரை வீசிக்கொண்டே நடந்தாள். குழந்தைகள் பிரிவில், யாரோ பார்த்துவிட்டுப் போட்டுப்போன குவியலுக்கு அடியில் அது கீச்கீச்சென்றது. அவர் சிரித்த சிரிப்பில் அவளுக்கு அன்றைக்கு முழுக்கக் கால் வலிக்கவில்லை. சரக்கு எடுக்கும் வேலையும் அப்படித்தான். முன்பெல்லாம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துப்போட்டு எண்ணுவார்கள். ஒன்று குறைந்தால் அந்த மாடிப் பெண்கள் அத்தனை பேரும் வரிசையாக நின்று முதலாளியின் வாயில் விழ வேண்டும். இப்போது காலை டீக்குள் முடிந்துவிடுகிறது. குறைந்த துணி எந்த அலமாரியில் மாறிக் கிடக்கிறது என்றும் தெரிந்துவிடுகிறது.

மிஷின் வந்த முதல் நாள் ராம்குமார் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னது அவளுக்கு மனதில் நின்றது. "இனிமே யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்ல. துணிக்கே வாய் வந்துருச்சு."

அன்று சாயங்காலமே திரையைக் கழற்றிவிடுவார்கள் என்று அவள் நினைத்தாள். கழற்றவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ராம்குமாரிடமே கேட்டாள். அவன் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்பாட்ட சொல்றேன்" என்றான். அப்பாவிடம் எதையும் சொல்ல முடியாதவனின் குரல் அது.

வீட்டில் இதைச் சொன்னபோது வள்ளித்தாய் சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கம்பெனி கேட்டுலயும்தான் தெனமும் தடவுறாக. அதுக்கு என்ன செய்ய?"

"அங்கன எதுக்குத் தடவுறாக? ஒருத்தி தீப்பெட்டியோட உள்ள போயிட்டா அம்புட்டுப் பேரும் கருகிப் போவீக. அது ஒங்க உசுருக்காக. இங்கன என்னையத் திருடின்னு நெனச்சுத் தடவுறாக. ரெண்டும் ஒண்ணாம்மா?"

வள்ளித்தாய் கஞ்சி வடிந்து முடிந்த பிறகும் பானையைச் சாய்த்துப் பிடித்தபடியே இருந்தாள். இத்தனை வருஷமும் தன்னை ஏன் தடவுகிறார்கள் என்று அவள் யோசித்துப் பார்த்ததே இல்லைபோல.

தீபாவளிக்கு முந்தின வாரம் பட்டாசுக் கம்பெனிகளில் போனஸ் போட்டார்கள். அன்று மத்தியானத்திலிருந்தே கடை திணறியது. விரல் இடுக்கில் ஒட்டிய வெள்ளி மருந்து கழுவியும் போகாத கைகள் புடவைகளை விரித்துப் பார்த்தன. பிள்ளைகள் கண்ணாடிக்கு முன்னால் புதுச்சட்டையோடு நின்று நகர மறுத்தன. காலையில் வந்த பெண்கள் ஏழு மணிக்கு வீட்டுக்குப் போகலாம். அவர்கள் குடோனில் கூடும் நேரத்தில் தனுஷ்கோடி வந்து நின்றார். அரக்குக் கலர் பட்டு ஒன்றைக் காணவில்லை. அந்தக் கூட்டத்தில் ரீடரை எடுத்துத் தேட யாருக்கும் நேரமில்லை.

"பொன்மணி, இன்னிக்கு மேலோட்டமாப் பாக்காத. பொடவைய அவுத்துப் பாரு" என்று சொல்லிவிட்டு அவர் கல்லாவுக்குப் போய்விட்டார்.

முதலில் உள்ளே போனவள் செல்லத்தாய். ஆவணியில்தான் சேர்ந்தவள், பதினெட்டு வயது இருக்கும். வெகுநேரம் கழித்துத் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கொசுவத்தை ஒரு கையால் சுருட்டிப் பிடித்திருந்தாள். மறுபடி கட்டத் தெரியாதவள்போல நின்றாள். அவள் அழவில்லை. யாரும் பார்க்காத இடம் ஒன்றைத் தேடி அவள் கண் சுவர் முழுக்க அலைந்தது. மாரிசெல்வி அவளைப் பெட்டிகளுக்குப் பின்னால் இழுத்துப்போய், குனிந்து, மடிப்பு மடிப்பாகக் கொசுவத்தை எடுத்துச் செருகிவிட்டாள். 

"அடுத்து யாரு?" திரைக்கு உள்ளிருந்து பொன்மணியின் குரல் மெல்லக் கேட்டது.

அடுத்தது மாரிசெல்விதான். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் முன்வாசல் வழியாப் போறேங்க்கா."

குடோனிலிருந்து கடைக்குள் திறக்கும் கதவைத் தள்ளினாள். வெளிச்சமும் இரைச்சலும் முகத்தில் அடித்தன. கூட்டம் தானாக விலகவில்லை. அவள் விலக்கிக்கொண்டு நடந்தாள். பில் மேஜைக்கு முன்னால் போய் நின்றதும் தனுஷ்கோடி நிமிர்ந்தார்.

"என்ன இங்கன?"

"வீட்டுக்குப் போறேன் மொதலாளி. அந்தக் கேட்டு வழியாப் போறேன். சத்தம் போட்டுச்சுன்னா போலீசுக்குச் சொல்லுங்க. இங்கனயே நிக்கேன்."

"அது வர்றவுக போறவுகளுக்கு வச்சது. ஒங்களுக்கு வழி பின்னாலதான்."

"வர்றவுகளுக்கு ஒரு வழி, எங்களுக்கு ஒரு வழியா? துணி ஒண்ணுதான மொதலாளி?"

"லேபிளை அத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போனா மிஷினுக்கு எப்படித் தெரியும்?" இதை அவர் அவளைப் பார்த்துக் கேட்கவில்லை. பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த மகனைப் பார்த்துக் கேட்டார்.

ராம்குமார் தொண்டையைச் செருமினான். "அத்துப்போட்ட லேபிள் கடைக்குள்ளதானப்பா கெடக்கணும். ரீடர்ல தெரிஞ்சிரும்."

"நீ சும்மா இரு."

அவன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். மாரிசெல்வி அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். இன்னும் ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பிறகு தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று அவளே கவனிக்காமல் பேசினாள்.

"மிஷின நம்புறீக. வாங்க வர்றவுகள நம்புறீக. நாங்க மட்டும் பொடவைய அவுத்துக் காட்டணுமா?"

பக்கத்தில் பில்லுக்கு நின்ற பெண்ணொருத்தி திரும்பினாள். "என்னது? அவுத்துப் பாக்காகளா?" அவள் கேட்டது பின்னால் நின்றவளுக்குப் போயிற்று, அங்கிருந்து படிக்கட்டு வரை போயிற்று. விரித்த புடவைகள் அப்படியே மேஜையில் கிடந்தன. தனுஷ்கோடி எழுந்து நின்றார். முகம் கறுத்துவிட்டது.

"அந்த வாசலத் தாண்டுனா நாளைக்கு ஒனக்கு வேலை இல்ல."

அவள் தாண்டினாள். தூண்கள் பேசவில்லை. தெருவில் இரண்டடி வைத்தவள் நின்று, திரும்பி, மறுபடி உள்ளே வந்தாள். பையின் வாயை அகலத் திறந்து கையில் பிடித்துக்கொண்டு, தூண்களுக்கு நடுவே நின்று, இன்னும் மெதுவாக ஒரு தடவை வெளியே நடந்தாள். அவசரத்தில் கேட்டுக்குக் காது கேட்காமல் போயிருக்குமோ என்று யாரும் பிறகு சொல்லக்கூடாது.

அவளுக்குப் பின்னால் செல்லத்தாய் வந்தாள். அப்புறம் புடவை மாடிப் பெண்கள், ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு. "பொன்மணி! புடி அவளுகள" என்று முதலாளி கத்தினார். பொன்மணி குடோன் கதவருகில் நின்றிருந்தாள். கூட்டம் முழுவதும் அவளைப் பார்த்தது. அவள் தன் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள். அப்படியே நடந்து வந்து, எல்லாருக்கும் கடைசியாகத் தூண்களைத் தாண்டி வெளியே வந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் வந்து உட்கார்ந்த பிறகுதான் மாரிசெல்வி திறந்திருந்த பையை மூடினாள். பொன்மணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க வேற பக்கம் போயிருவீக தாயி. தடவுற வேலை இல்லன்னா அங்கன எனக்கு என்ன வேலை இருக்கு?"

அவள் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள். மாரிசெல்வி, தான் ஏற வேண்டிய சாத்தூர் பஸ் வந்து நின்ற பிறகு, "ரீடர் பிடிக்க நான் சொல்லித் தாரேங்க்கா, உள்ள விட்டாகன்னா" என்றாள். பொன்மணி முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தாள்.

வீட்டில் எதையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்த வள்ளித்தாய், காலையில் தூக்குவாளியில் சோற்றை அமுக்கி வைத்து மகளிடம் நீட்டினாள். "வேலை இல்லன்னு அவுகளே ஒன் முகத்தப் பாத்துச் சொல்லட்டும். நீயா வேலைய விட்டு நிக்காத. போ."

கடைக்கு முன்னால் பெண்கள் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். பொன்மணியும் சற்றுத் தள்ளி நின்றாள். பின்வாசல் திறந்திருப்பதாகவும், பேசாமல் அந்த வழியாக வருகிறவர்களுக்கு வேலை உண்டு என்றும் ஊர்க்காவலன் வந்து சொன்னார். ஒருத்தியும் நகரவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பட்டு கெடச்சிருச்சும்மா. சின்ன மொதலாளி ராத்திரி ரீடரத் தூக்கிக்கிட்டு மாடி மாடியா அலைஞ்சாக. கடைசியில ஷோகேஸ் பொம்மைகிட்ட வந்து கத்துது. முந்தாநாள் மொதலாளியே கட்டச் சொன்ன பொடவை. மறந்துட்டாக."

எல்லாரும் கண்ணாடிக்குள் பார்த்தார்கள். அரக்குப் பட்டில் பொம்மை தெருவைப் பார்த்து நின்றது. செல்லத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"கெடைக்காமப் போயிருந்தாலும் நாம எடுக்கலதான்" என்றாள் மாரிசெல்வி. "பொடவை கெடச்சிருச்சுன்னு உள்ள போயிராதீக. அந்தத் திரையக் கழட்டணும். நாம போற வழியும் இதுதான்னு சொல்லணும்."

ஊர்க்காவலன் தலையைச் சொறிந்துகொண்டு பின்பக்கமாகப் போனார்.

வெயில் ஏறியது. திருத்தங்கல் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், பெண்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டுக் கடை திறக்கத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்துப் பின்னால் வந்து நின்றுகொண்டது. அதைப் பார்த்து இன்னொரு குடும்பம். இருக்கன்குடி கோயிலில் மொட்டை போட்டுவிட்டு, சந்தனம் காயாத தலையோடு பிள்ளையைத் தோளில் வைத்திருந்த ஒருவர். கொஞ்ச நேரத்தில் வரிசை பக்கத்துப் பாத்திரக் கடையைத் தாண்டித் தெருமுக்கு வரை போயிற்று.

"எம்புட்டு நேரமா நிக்கீக? எப்பத் தொறப்பாக?" மொட்டைப் பிள்ளையின் அப்பா கேட்டார்.

"தொறப்பாக, நில்லுங்கண்ணே" என்றாள் மாரிசெல்வி.

உள்ளே யாரோ பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஷட்டர் கிறீச்சிட்டு முழங்கால் உயரத்துக்கு எழும்பி நின்றது. அடியில் இரண்டு ஜோடிச் செருப்புகள் தெரிந்தன. ஒன்று தனுஷ்கோடியுடையது. எதிரே நின்றது ராம்குமாருடையது. உள்ளே பேச்சு உயர்ந்து உயர்ந்து தாழ்ந்தது. வெளியே வரிசை ஓரடி முன்னால் நெருங்கியது. ராம்குமாரின் கால்கள் ஷட்டர் பக்கமாகத் திரும்பின. அவன் விரல்கள் ஷட்டரின் அடியைப் பிடித்து மேலே தூக்கின.