ஒரு நாள் பின்தங்கிய அறை

வீட்டின் பின்னறை மற்ற அறைகளைவிட ஒரு முழு நாள் பின்தங்கிப் போன பிறகும், கல்யாணமான இரண்டாவது வாரம் கணவனோடு நடந்த அந்தப் பேச்சு மட்டும் அவளுக்கு இன்று காலை நடந்தது போலவே இருந்தது.

"இந்த வீட்டுல நீ எது வேணும்னாலும் கேளு. அப்பாகிட்ட அந்த பீரோவைத் திறக்கச் சொல்லி மட்டும் கேட்காதே."

"ஏன், உள்ளே பூதம் இருக்கா?"

"அம்மா துணி இருக்கு. அதையெல்லாம் யாருக்காவது குடுத்துடலாமான்னு அக்கா ஒரு தடவை கேட்டா. அப்பா ரெண்டு நாள் சாப்பிடல."

"சரிப்பா, கேட்கல" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்புக்காக ஏழு வருடம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மாமனார் முப்பத்தொரு வருடம் ஒரு வங்கியில் லாக்கர் அறையைப் பார்த்துக்கொண்டவர். வீட்டுக்கு இன்டர்நெட் இணைப்பு வந்த நாளில், சுவரில் மாட்டுவதற்காக ஆள் எடுத்த வைஃபை பெட்டியை அவர் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். இவ்வளவு விலையுள்ள பொருளை யாராவது வெளியே வைப்பார்களா என்று கேட்டுவிட்டு, கூடத்து இரும்பு பீரோவைத் திறந்து, காலமான மனைவியின் மடித்த துணிகளுக்கு நடுவே பத்திரமாக வைத்தார். ஒயரைப் பீரோவின் பின்பக்க ஓட்டை வழியாக இழுத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். இரும்புக்குள் சிக்னல் தடைபடும் என்று சொல்ல இணைப்பு கொடுக்க வந்தவன் வாயைத் திறந்தான். அவள் கணவன் அவனை ஒரு பார்வை பார்த்தான். வந்தவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

அவளுக்கு வேலை ஒரு ஆஸ்பத்திரிக்கு, வீட்டிலிருந்தே. மொழி தெரியாத நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவே கம்ப்யூட்டர் திரையில் தோன்றி, இவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் மாற்றிச் சொல்ல வேண்டும். நோயாளியின் அந்தரங்கம் யார் காதிலும் விழக்கூடாது என்பதால் கதவை மூடிய தனியறையில்தான் உட்கார வேண்டும் என்பது விதி. வீட்டில் அப்படிப்பட்ட அறை பின்னறை ஒன்றுதான். முதல் வருடம் அவளுடைய குரல் நான்கு நொடி தாமதமாகப் போனது. டாக்டர் வயிற்றை அழுத்தும்போது நோயாளி கத்தியதை அவள் உடனே மொழிபெயர்த்தாள். அது போய்ச் சேரும்போது டாக்டர் முட்டிக்கு வந்திருந்தார். வயிற்று வலிக்காரருக்கு முட்டியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அன்று அவள் அழவில்லை, மேஜையை ஓங்கிக் குத்தினாள். அடுத்த வாரம் அவளை நேரடிப் பேச்சிலிருந்து எடுத்துவிட்டு, வீட்டுக்குப் போகிற நோயாளிகளுக்கான மாத்திரைக் குறிப்புகளை மொழிபெயர்க்கிற வேலைக்குத் தள்ளினார்கள். முட்டியை எல்லோரும் நினைவில் வைத்திருந்தார்கள். நான்கு நொடியை ஒருவரும் விசாரிக்கவில்லை.

இரண்டாம் வருடத்திலிருந்து அறையே தாமதிக்கத் தொடங்கியது. கூடத்தில் ஆறு மணிக்குப் போன வெளிச்சம் பின்னறையை விட்டுப் போக ஆறரை ஆனது. நான்காம் வருடம் அந்த இடைவெளி ஐந்து மணி நேரம். ஏழாம் வருடம் கூடத்தில் செவ்வாய் என்றால் பின்னறையில் திங்கள். வேலை முடிந்து கூடத்துக்கு வந்தால் நாள் சரியாகிவிடும். திரும்பிப் போனால் மறுபடி நேற்று. வீட்டில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. சீக்கிரம் கெட்டுப்போகிற பொருளைப் பின்னறையில் வைத்தால் ஒரு நாள் கூடுதலாகத் தாங்கியது.

கணவன் நல்லவன், ஆனால் பீரோவைத் தவிர மற்ற எல்லா வழியிலும் முயற்சி செய்கிறவன். வேகத்தை இரட்டிப்பாக்கும் திட்டத்துக்கு மாறினான். சிக்னலைத் தூரத்துக்குக் கடத்தும் கருவி ஒன்றை வாங்கிச் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் சொருகினான். அதனால் பின்னறை ஒரு நிமிடம்கூட முன்னேறவில்லை, சாப்பாட்டு மேஜை அரை நாள் பின்தங்கிப் போனது. காலையில் அங்கே வைத்த காப்பி மாமனார் கைக்கு வர இரவாயிற்று. சூடு மட்டும் குறையவில்லை, அந்த வகையில் கருவி பரவாயில்லை என்று அவர் சொன்னார்.

ஒரு நாள் அவன் கூடத்திலிருந்து எரிச்சலில் கத்திவிட்டான். மாலையில் மனம் கேட்காமல் பின்னறைக்குப் போய் அவள் கையைப் பிடித்தான்.

"மன்னிச்சிடும்மா."

"எதுக்கு? நீங்க ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லிட்டேன். நாளைக்குக் கேட்கும்."

மறுநாள் காலை கதவிடுக்கு வழியாக அந்த வார்த்தை வந்தது: "எப்பப் பாரு நெட், நெட்! விட்டுத்தள்ளேன் அந்த வேலையை!" முன்கூட்டி வாங்கிய மன்னிப்பு எந்தப் பிரயோஜனமும் இல்லாமல் போயிற்று. அவள் மூன்று நாள் அவனோடு பேசவில்லை.

வாடிக்கையாளர் சேவைக்கு அவள் கூடத்தில் நின்று போன் செய்வாள். ஒவ்வொரு முறையும் ஒரு பெண், பெட்டியை அணைத்துவிட்டு முப்பது நொடி காத்திருந்து மறுபடி போடச் சொல்வாள். பூட்டிய பீரோவைப் பார்த்தபடி அவள் மனதுக்குள் முப்பது வரை எண்ணுவாள். "போட்டுட்டேன்" என்பாள். "இப்ப சரியாயிடுச்சா மேடம்?" "இல்ல." அந்தப் 'போட்டுட்டேன்' பொய்யைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பெண் மேல் வரும், கம்பெனி மேல் வரும், சாவி மேல் வரும், முப்பது வரை நிதானமாக எண்ணுகிற தன் வாய் மேலும் வரும்.

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. இந்த ஏழாம் வருடத்தில் மட்டும் பதின்மூன்று முறை லைன்மேனை அனுப்பியது. அவர் எப்போதும் அவள் கதவை மூடிக்கொண்டு வேலை செய்கிற நேரத்தில்தான் வந்தார். அழைப்பு மணி அவளுக்கு மறுநாள் கேட்டது. அதன் பின்னாலேயே லைன்மேனின் செருப்புச் சத்தமும், கடைசியாக மாமனாரின் குரலும் வரும்: "வேற ஏதாவது எடுக்கணுமா?" யாரிடம் கேட்கிறார் என்று அவள் யோசித்ததில்லை. ஓடி வந்து பார்த்தால் கூடத்தில் நேற்றே எல்லாம் முடிந்து, கோளாறு சரிசெய்யப்பட்டது என்று போனில் செய்தி வந்திருக்கும்.

பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரடிப் பேச்சில் அவளைச் சோதிப்பார்கள். தாமதம் இல்லையென்றால் பழைய வேலை. இருந்தால் எந்த வேலையும் கிடையாது. சனிக்கிழமை லைன்மேன் வருவதாகச் சொன்னார்கள். அவள் லீவு போட்டுவிட்டு, காலை எட்டு மணிக்கே நாற்காலியைக் கூடத்தின் நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கணவன் காப்பி வேண்டுமா என்று கேட்டான். மேஜையில் வைக்காமல் கையில் கொடுப்பதாக இருந்தால் வேண்டும் என்றாள்.

பதினொரு மணிக்கு லைன்மேன் வந்தார். மாமனார் எழுந்து, இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, பீரோவின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்தார். ஏழு வருடத்தில் அவள் முதல்முறையாக உள்ளே பார்த்தாள். மடித்த துணிகளுக்கு நடுவே அந்தப் பெட்டி பச்சைப் புள்ளிகளோடு கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. லைன்மேன் தன் கருவியை அதன் முன்னால் நீட்டினார்.

"வேகம் நூறு வருதுங்க. லைன்ல ஒண்ணும் இல்ல. எப்ப வந்தாலும் நூறுதான்."

அவள் திரும்பிப் பின்னறையைப் பார்த்தாள். திறந்த கதவு வழியாக, நேற்றைய வெள்ளிக்கிழமை அங்கே ஓடிக்கொண்டிருந்தது. மதியம் போயிற்று, சுவரில் மாலை வெயில் ஏறி இறங்கியது, ஒரு ராத்திரி முழுவதும் கண்மூடித் திறப்பதற்குள் கடந்தது, விடிந்து பதினொரு மணி வெளிச்சம் வந்து நின்றது. பின்னறை மேஜைக் கடிகாரமும் கூடத்துக் கடிகாரமும் ஒன்றாக அடித்தன. லைன்மேன் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளாமல் காகிதத்தை நீட்டினார். மாமனார் கையெழுத்துப் போட்டார். பீரோ கதவு ஒன்றைச் சாத்தினார். பின்னறையில் வெளிச்சம் ஒரு அடி பின்வாங்கியது.

அவளுக்கு உச்சந்தலை வரை கொதித்தது. பதின்மூன்று முறை. ஒவ்வொரு முறையும் திறந்துவைத்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று எழுதி, பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கணவனைப் பார்த்தாள். அவன் கண்ணாலேயே வேண்டாம் என்றான்.

மாமனார் இரண்டாவது கதவில் கை வைத்தார். சாத்துவதற்கு முன் நின்று, லாக்கர் அறையில் முப்பத்தொரு வருடம் கேட்ட அதே குரலில், கூடத்தைப் பார்த்துக் கேட்டார்.

"வேற ஏதாவது எடுக்கணுமா?"

லைன்மேன் ஒரு காலில் செருப்போடு நின்றார். கேள்வி அவருக்கானது அல்ல என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது. யாராவது வந்து கேட்டால்தான் லாக்கரைத் திறக்கலாம், கேட்காதவர் பொருளைத் தொட்டால் திருட்டு என்று அவர் சாப்பிடும்போது எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். இந்தக் கேள்வியைப் பதின்மூன்று முறை கேட்டு, பதில் வராமல் பதின்மூன்று முறை பூட்டியிருக்கிறார். பின்னறைக் கதவு மூடியிருந்ததால் அவளுக்கு அது எப்போதும் ஒரு நாள் கழித்தே கேட்டிருக்கிறது.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்ததை அவள் கவனிக்கவில்லை.

"ஆமா மாமா, எடுக்கணும்! ஏழு வருஷமா எடுக்கணும்! அத்தை துணி அங்கேயே இருக்கட்டும். அந்தப் பெட்டியை மட்டும் வெளியே எடுத்து என் கையில குடுங்க!"