கடைசியாகக் குளிக்க வேண்டியவள்

சுங்குவார்சத்திரம் விடுதியில் எங்கள் அறைக்கு ஒன்பது பேர், ஒரு குளியலறை. கம்பெனி பஸ் ஐந்தரைக்கு வரும். தினமும் சண்டை நடக்கும், யாராவது ஒருத்தி பஸ்ஸை விடுவாள். அதை நிறுத்தத்தான் எழிலரசி அக்கா சட்டம் எழுதினாள்.

தண்டலம் பக்கத்துக் கல்லூரியில் அரசியல் படித்து, இரண்டாம் ஆண்டில் நிறுத்திவிட்டு கம்பெனி லைன் வேலைக்கு வந்தவள் அவள். லைனில் அட்டைப்பெட்டி மடிக்கும்போதுகூட அரசாங்கத்தைப் பற்றித்தான் பேசுவாள். நல்லவர் வந்து ஆளுவார் என்று காத்திருக்கக் கூடாது, யார் வந்தாலும் கெடுக்க முடியாதபடி சட்டம் எழுத வேண்டும் என்பாள். எங்கள் அறை மெர்சி அவளை வக்கீலம்மா என்று கிண்டல் செய்வாள்.

ஆளுக்கு எட்டு நிமிஷம். தாண்டினால் காரணம் கேட்டு, அது சரியில்லை என்றால் மறுநாள் பின்னுக்குத் தள்ளலாம். வாரம் ஒருத்தி நேரம் பார்ப்பாள். சீட்டுக் குலுக்கி எடுப்போம். நேரம் பார்ப்பவள்தான் கடைசியாகக் குளிக்க வேண்டும். மற்றவர்கள் தாமதித்தால் பஸ்ஸை விடப்போவது அவள்தானே.

மூன்றாவது வாரம் என் பெயர் வந்தது. பத்தாம் வகுப்போடு நின்ற நான் அந்த அறையில் வாய் திறந்ததே குறைவு. முதல் நாள் பயந்து பயந்து கதவைத் தட்டினேன். ஜயஸ்ரீ அக்கா உள்ளேயிருந்து, இதோ வந்துவிட்டேன் என்று பதறினாள். நான் தட்டி ஒருத்தர் அவசரப்பட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அது பிடித்துப்போயிற்று.

புதன்கிழமை தலைவலி என்று சொல்லி முதலில் குளித்தேன். தலைவலி இல்லை. வியாழனும் முதலில் போனேன்.

"இன்னாடி, நாலு நாள்ல மகாராணி ஆயிட்ட?" என்றாள் மெர்சி. எல்லாரும் சிரித்தார்கள்.

அன்று அவள் பத்து நிமிஷம் எடுத்தாள். நான் காரணம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அவளைக் கடைசியில் போட்டேன். ஈரத்தலையோடு அவள் ஓடி வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டிரைவரிடம் நிறுத்தச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அறை கூடியது. மெர்சி எல்லாவற்றையும் சொன்னாள். வியாழக்கிழமை வயிறு சரியில்லை என்றும் சொன்னாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த வாரம்தான் நிம்மதியாகப் பஸ் பிடித்தோம், ஒருத்திதானே விட்டாள், இவளே இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார்கள். ஒரு வாரம் என்றால் ஒரு வாரம்தான் என்று எழிலரசி அக்கா வாதாடினாள். கை தூக்கச் சொன்னார்கள். ஆறு கைகள் எனக்காக எழுந்தன.

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நீ வேணாம்னு சொல்லு. அது போதும்."

நான் தரையைப் பார்த்தேன். கூச்சம் என்று எல்லாரும் நினைத்தார்கள். அக்கா அப்படி நினைக்கவில்லை.

திங்கட்கிழமை ஆறு நிமிஷத்திலேயே கதவைத் தட்டினேன். உள்ளே இருப்பது எழிலரசி அக்கா என்று தெரிந்துதான் தட்டினேன். அவள் உடனே வெளியே வந்தாள். காதோரம் சோப்பு நுரை அப்படியே இருந்தது. அவளுக்கு இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. அடுத்தவளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.