பையிலேயே இருந்த பாட்டில்

மெஷின் பார்க்கப் போன அன்று தங்கை தன் கைப்பையில் ஒரு ஸ்டீல் பாட்டிலை வைத்திருந்தாள். எங்கள் கடைக்கு வரும் வேலையில் முக்கால்வாசி அதுதான்: பாட்டிலிலும் சாப்பாட்டு டப்பாவிலும் பெயர் பொறிப்பது. பொறிப்பவள் அவள், ஆர்டர் பிடிப்பவள் நான். கடை இருவருக்கும் பொது.

"வாங்குறதுக்கு முன்னாடி இதுல எழுதிக் காட்டச் சொல்லணும்க்கா. ஞாபகம் இருக்கட்டும்."

"நான் என்ன பச்சக் குழந்தையாடி?"

ஷோரூமில் விற்பனையாளர் லேசர் மெஷினைத் திறந்து ஒரு மரப்பலகையை வைத்தார். "மாதிரிக்கு ஒரு பேர் சொல்லுங்க மேடம். கடை வாசல்ல மாட்டிக்கலாம்."

என் பெயரைச் சொன்னேன். என் பெயரை மட்டும். யோசிக்கக்கூட இல்லை.

எரிந்த மரத்தின் வாசனையோடு எழுத்துகள் பழுப்பாக எழுந்து வந்தன. அவ்வளவு பெரிதாக என் பெயரை நான் எங்கும் பார்த்ததில்லை. தங்கை பைக்குள் கையை விட்டு, "சார், ஸ்டீல்ல..." என்று தொடங்கினாள். அதற்குள் நான், "எப்ப டெலிவரி?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கை வெறுமையாக வெளியே வந்தது.

மெஷின் கடைக்கு வந்தது. முதல் பாட்டிலை வைத்தோம். எடுத்துத் துடைத்தால் ஒரு கீறல்கூட இல்லை. விற்பனையாளருக்குப் போன் செய்தேன்.

"அது மரம், தோல், அக்ரிலிக்குக்கு மேடம். வெறும் ஸ்டீலுக்கு வேற லேசர். நீங்க ஸ்டீல்னு சொல்லவே இல்லையே?"

தங்கை பழையபடி கையால் பொறிக்கும் கருவியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "விடுக்கா. உன் பேர் மரத்துல நல்லாத்தானே வருது."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

மூன்று மாதம் கழித்து, பதக்கம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். "அங்க மெஷின் வாங்கும்போது என்னையும் ஒரு வார்த்த கேப்பாங்களாம்."

போகாதே என்று சொல்ல நினைத்தேன். "எப்ப சேரணும்?" என்றுதான் கேட்டேன்.

அவள் மேசையை ஒழித்தபோது இழுப்பறையில் அந்தப் பாட்டில் கிடந்தது. அதன் மேல் மார்க்கரால் அளவெடுத்துக் கோடு போட்டு எழுதியிருந்தாள்: மேலே என் பெயர், கீழே அவள் பெயர். இரண்டும் ஒரே அளவு.

வாசல் பலகையில் என் பெயருக்குக் கீழே இடம் இருக்கிறது. இந்த மெஷின் அதை இரண்டே நிமிடத்தில் நிரப்பிவிடும். நிரப்பி இனி யாரிடம் காட்டுவது?